தம்பியை மகளிர் காவல் நிலையத்துக்கு வரச் சொல்கிறார்கள்: முதல் வாரத்தில் என்ன செய்வது?

வாசகியின் கேள்வி: என் தம்பிக்கு 25 வயது. அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் வேலை. அவனும் ஒரு பெண்ணும் நான்கு வருடமாகப் பழகினார்கள். அவளுக்கு இப்போது 21 வயது. கல்யாணம் செய்துகொள்ளத்தான் இருந்தான். வேறு சாதி என்று அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. மூன்று மாதமாகப் பேச்சு இல்லை. இப்போது அந்தப் பெண், கல்யாணம் செய்வதாக ஏமாற்றி உறவு வைத்துக்கொண்டதாக அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருக்கிறாள். "சி.எஸ்.ஆர். போட்டிருக்கோம், நாளன்னிக்கு வந்து எழுதிக் கொடுத்துட்டுப் போகச் சொல்லுங்க" என்று போன் வந்தது. பெண் வீட்டில் போய்ப் பேசி முடித்துவிடலாம் என்கிறார் மாமா. போனை ஃபார்மட் பண்ணிவிடு என்கிறான் தம்பியின் நண்பன். துபாய்க்கு அனுப்பிவிடலாம் என்கிறார் அப்பா. எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. (பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பெரம்பூர்)

வழக்கறிஞரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மாமா, நண்பன், அப்பா மூவர் சொன்னதையும் இன்றே நிறுத்துங்கள். பாசத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் இந்த மாதிரி வழக்குகளில் தம்பிக்கு எதிராக நிற்கும் ஆதாரங்களில் பாதி, புகார் வந்த பிறகு வீட்டார் செய்த காரியங்களிலிருந்து வருபவைதான். பெண் வீட்டு வாசலில் மாமா பேசிய பேச்சு, கொலை மிரட்டல் என்று இரண்டாவது பிரிவாகச் சேரும். அழித்த போன், ஆதாரத்தை மறைத்த குற்றமாகும். அது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 238ஆவது பிரிவு. வழக்குப் பதிவானபின் துபாய் போனால் விமான நிலையங்களுக்குத் தேடுதல் அறிவிப்பு போகும், முன்ஜாமீன் மனு வரும்போது "தலைமறைவானவர்" என்ற ஒரே வார்த்தையில் அரசுத் தரப்பு அதை எதிர்க்கும்.

அடுத்து, உங்கள் கடிதத்திலேயே நீங்கள் கவனிக்காமல் எழுதிவிட்ட ஒரு கணக்கு. பழக்கம் நான்கு வருடம், பெண்ணுக்கு இப்போது 21. கழித்துப் பாருங்கள். பழகத் தொடங்கியபோது அவருக்கு 17. பழகியது குற்றமல்ல. ஆனால் உடல் உறவு எப்போது தொடங்கியது என்பதில்தான் வழக்கு எந்தச் சட்டத்தில் நிற்கும் என்பதே இருக்கிறது. 18 முடிவதற்கு ஒரு நாள் முன்பு நடந்திருந்தாலும் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் வந்துவிடும். அங்கே "அவளும் சம்மதித்தாள்" என்ற வாதத்துக்கு இடமே இல்லை. 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சத் தண்டனையே 10 ஆண்டு. பலமுறை நடந்தது என்று வந்தால் குறைந்தது 20 ஆண்டு. குற்றம் நடக்கவில்லை என்று நிரூபிக்கும் பாரத்தின் பெரும்பகுதியும், அந்தச் சட்டத்தின் 29ஆவது பிரிவால், குற்றம் சாட்டப்பட்டவர் மேல் விழும். வயதை முதலில் பள்ளிச் சான்றிதழ் அல்லது பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் உள்ள பிறந்த தேதியை வைத்துத்தான் தீர்மானிப்பார்கள். அது இல்லாவிட்டால்தான் மாநகராட்சி பிறப்புச் சான்றிதழ், அதுவும் இல்லாவிட்டால் எலும்புப் பரிசோதனை. ஆகவே பெண்ணின் சரியான பிறந்த தேதியும், தம்பியின் நினைவில் உள்ள முதல் தேதியும் வழக்கறிஞருக்குத் தெரிய வேண்டும். அந்தப் பதிலை எனக்கு எழுத வேண்டாம், வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்ப வேண்டாம். தம்பி தன் வழக்கறிஞரிடம் நேரில் சொல்வதற்கு மட்டும்தான் சட்டப் பாதுகாப்பு உண்டு.

இரண்டாவது முக்கியமான தேதி 2024 ஜூலை 1. அன்றுதான் புதிய சட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. நிறைவேற்றும் எண்ணமே இல்லாமல் திருமணம் செய்வதாக வாக்களித்து உறவு கொள்வதைத் தனிக் குற்றமாக்கும் 69ஆவது பிரிவு, பாரதிய நியாய சன்ஹிதாவில் புதிதாக வந்தது. தண்டனை 10 ஆண்டு வரை. அதற்கு முன் நடந்ததற்கு அந்தப் பிரிவைப் போட முடியாது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் வன்புணர்வுக்கான 376ஐயும் ஏமாற்றுதலுக்கான 417ஐயும்தான் போட முடியும். "அப்படியானால் பழையது நல்லது" என்று நினைக்காதீர்கள். 376இல் குறைந்தபட்சமே 10 ஆண்டு. உறவு இரண்டு காலத்திலும் நீடித்திருந்தால் இரண்டு சட்டங்களின் பிரிவுகளும் எஃப்.ஐ.ஆரில் வரலாம். எது எந்தத் தேதிக்குப் பொருந்தும் என்று பிரித்துக் காட்டுவது முன்ஜாமீன் மனுவின் முதல் வேலை.

மூன்றாவது, சாதி. அந்தப் பெண் பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேர்ந்தவராகவும், நீங்கள் அப்படி இல்லாதவர்களாகவும் இருந்தால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேரக்கூடும். அதன் 18ஆவது பிரிவு முன்ஜாமீனுக்குத் தடை. புகாரைப் படித்தாலே அந்தச் சட்டத்தின் குற்றம் தெரியவில்லை என்றால்தான் கதவு திறக்கும். விசாரணையும் இன்ஸ்பெக்டரிடமிருந்து உதவி ஆணையர் நிலையில் உள்ள அதிகாரிக்குப் போகும். இதைக் கடிதத்தில் நீங்கள் சொல்லவில்லை, வழக்கறிஞரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

இனி காவல் நிலைய அழைப்பு. சி.எஸ்.ஆர். என்பது மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான பதிவு, அவ்வளவுதான். அதற்கு எஃப்.ஐ.ஆரின் பலம் கிடையாது. ஆனால் கைது செய்யத்தக்க குற்றம் புகாரில் தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013இல் லலிதா குமாரி வழக்கில் சொல்லியிருப்பதால், இன்றைய சி.எஸ்.ஆர். நாளை மாலை எஃப்.ஐ.ஆர். ஆகலாம். போனில் கூப்பிடுவது சட்டப்படியான சம்மன் அல்ல. எழுத்தில் வர வேண்டும். சந்தேகிக்கப்படுபவருக்கு, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35(3) பிரிவின்படி அனுப்பும் அறிவிப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்காகப் போனை எடுக்காமல் இருக்காதீர்கள். வழக்கறிஞர் மூலம், "எங்கள் கட்சிக்காரர் ஒத்துழைக்கத் தயார், எழுத்துபூர்வ அறிவிப்பு தாருங்கள்" என்று நிலையத்துக்கு ஒரு கடிதம், பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் போகட்டும். பிற்பாடு "கூப்பிட்டும் வரவில்லை" என்ற பேச்சு எழாது.

நிலையத்தில் நடக்கும் தவறுகளில் மிகப் பெரியது அந்த "எழுதிக் கொடுத்துவிட்டுப் போ" என்பதுதான். ஒரு வெள்ளைத்தாள் வரும். "நான் இன்னாரை நான்கு வருடமாகக் காதலித்தேன், கல்யாணம் செய்வதாகச் சொன்னது உண்மை, மூன்று மாதத்தில் திருமணம் செய்துகொள்கிறேன்" என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, வீட்டார் இருவர் சாட்சிக் கையெழுத்தும் போட்டால், அன்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பிரச்சினை முடிந்தது என்று நினைத்துக் குடும்பம் கோயிலுக்குப் போகும். மூன்று மாதத்தில் அப்பா மறுபடி மறுக்கிறார், கல்யாணம் நடக்கவில்லை. இப்போது அந்தத் தாள் என்ன சொல்கிறது? வாக்களித்தது உண்மை என்று தம்பியின் கையாலேயே ஒப்புதல். போலீசிடம் கொடுத்த குற்ற ஒப்புதல் நீதிமன்றத்தில் செல்லாது என்று வாதாடலாம். ஆனால் எஃப்.ஐ.ஆருக்கு முன் எழுதிய தாள், சாட்சிக் கையெழுத்தோடு இருப்பது, வாதத்தைச் சிக்கலாக்கும். விசாரணையில் போலீஸ் பதிவு செய்யும் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடத் தேவையில்லை என்று சட்டமே சொல்கிறது. வெற்றுத்தாளில் கையெழுத்து என்றால் பேச்சே கிடையாது. போகும் நாளில் வழக்கறிஞர் கூட வரட்டும். கைதான பிறகும், விசாரணை முழுக்க உடனிருக்க முடியாவிட்டாலும் இடையில் வழக்கறிஞரைச் சந்திக்க உரிமை உண்டு.

அதே நாளில் செய்யும் இரண்டாவது தவறு, பயத்தில் "அந்தப் பெண்ணைத் தெரியவே தெரியாது" என்பது. நான்கு வருடப் பழக்கத்தின் போட்டோவும் சாட்டும் அவர் போனில் இருக்கும். முதல் நாள் "தெரியாது", ஜாமீன் மனுவில் "நண்பர்தான்", விசாரணையில் "சம்மதத்தோடு நடந்தது" என்று மூன்று நிலை எடுத்த வழக்கில், கடைசியாகச் சொன்னது உண்மையாகவே இருந்தாலும் நீதிபதி நம்பத் தயங்குவார். என்ன சொல்வது என்று முடிவாகும்வரை ஒன்றும் சொல்லாமல் இருக்க அரசியலமைப்பின் 20(3) பிரிவு உரிமை தருகிறது. மௌனத்தைப் பிறகு விளக்கலாம், பொய்யை விளக்க முடியாது.

இந்த வழக்கின் உயிர்நாடி எங்கே இருக்கிறது என்று சொல்கிறேன். வாக்குக் கொடுத்த நாளிலேயே நிறைவேற்றும் எண்ணம் இல்லாமல் கொடுத்தது ஒன்று, எண்ணத்தோடு கொடுத்துப் பிற்பாடு நிறைவேற்ற முடியாமல் போனது இன்னொன்று. முதலாவதுதான் குற்றம். 2019இல் பிரமோத் சூர்யபான் பவார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவினையைத் தெளிவாக வைத்து, எஃப்.ஐ.ஆரை ரத்து செய்தது. அங்கேயும் சாதிதான் தடை. அந்தத் தடை பெண்ணுக்கும் ஆரம்பத்திலிருந்தே தெரிந்திருந்தும் உறவு பல ஆண்டு தொடர்ந்தது என்பது முக்கியமாக இருந்தது. அதே 2019இல் அனுராக் சோனி வழக்கில், வேறொரு பெண்ணோடு திருமணம் ஏற்கெனவே பேசி வைத்திருந்தவர் மறைத்து வாக்களித்தார் என்று கண்டு, குற்றவாளி என்ற தீர்ப்பை உறுதி செய்தது. ஒரே ஆண்டு, ஒரே சட்டம், இரண்டு முடிவு. ஆக, உங்கள் அப்பா எப்போது மறுத்தார், தம்பி அதை அந்தப் பெண்ணிடம் எப்போது சொன்னார், சொன்ன பிறகும் பழக்கம் தொடர்ந்ததா, தம்பிக்கு இடையில் வேறு வரன் பார்த்தீர்களா என்பதுதான் கேள்வி. வேறு வரன் பார்த்திருந்தால், ஜாதகம் கொடுத்த தேதி வரை அது வெளியே வரும், மறைக்க வேண்டாம்.

இதற்குத் தம்பி இன்றிரவே ஒரு நோட்டில் தேதிப் பட்டியல் எழுதட்டும். வழக்கறிஞருக்கு என்று மேலே குறிப்பிட்டு எழுதட்டும். தேதி, இடம், என்ன நடந்தது, அதற்கு என்ன ஆதாரம் என்று நான்கு கட்டம். முதல் சந்திப்பு, முதல் உறவு, கல்யாணப் பேச்சு முதலில் எடுத்தது யார், பெண் வீட்டுக்கு யாராவது போனார்களா, அப்பாவிடம் சொன்ன நாள், சண்டை, கடைசிப் பேச்சு. நினைவில்லாத இடத்தைக் காலியாக விடட்டும், ஊகித்து நிரப்ப வேண்டாம். தனக்கு எதிரானதையும் எழுதட்டும். அதைத்தான் வழக்கறிஞர் முதலில் படிப்பார்.

போன் இருக்கிறபடியே இருக்கட்டும். சாட்டை அழித்தாலும் மறுபாதி பெண்ணின் போனில் இருக்கிறது. அவர் தரப்பு தனக்கு வேண்டிய பத்து ஸ்க்ரீன்ஷாட்டைக் கொடுத்தால், முன்னும் பின்னும் என்ன பேசினீர்கள் என்று காட்ட உங்களிடம் எதுவும் மிஞ்சாது. "அப்பா சம்மதிக்க மாட்டேங்கிறார், நான் பேசிப் பார்க்கிறேன்" என்று தம்பி இரண்டு வருடம் முன்பு அனுப்பிய ஒரு வரி, ஒரு வழக்கையே திருப்பக்கூடியது. அதையும் சேர்த்துத்தானே ஃபார்மட் செய்வீர்கள்? வாட்ஸ்அப்பில் அந்த உரையாடலைத் திறந்து, எக்ஸ்போர்ட் சாட் கொடுத்து, முழுவதையும் ஒரு பென் டிரைவில் எடுத்து வையுங்கள். துண்டு துண்டாக வெட்ட வேண்டாம். இந்த வாரம் போனை மாற்றவோ ரீசெட் செய்யவோ வேண்டாம். நீதிமன்றத்தில் இது ஏற்கப்பட, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63ஆவது பிரிவுச் சான்றிதழ் வேண்டும். அதில் இரண்டு பகுதி. ஒன்று கருவியை வைத்திருப்பவர் கொடுப்பது, மற்றது நிபுணர் கொடுப்பது. கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் அதன் ஹாஷ் எண்ணும் அதில் வர வேண்டும். சான்றிதழ் இல்லாத பிரிண்ட்அவுட்டை அடுக்கிக்கொண்டு போய் நிற்பதைப் பலமுறை பார்க்கலாம், பயனில்லை. போலீஸ் போனைக் கைப்பற்றினால், கைப்பற்றியதை எழுதும் மகஜரில் மாடலும் ஐ.எம்.இ.ஐ. எண்ணும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கைப்பற்றுவதை வீடியோ எடுக்க வேண்டும் என்று நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105ஆவது பிரிவு சொல்கிறது. லாட்ஜ், கடை சி.சி.டி.வி. பதிவுகள் சில வாரங்களில் அழிந்துவிடும். அவை உதவும் என்றால் பாதுகாத்து வைக்கச் சொல்லி வழக்கறிஞர் உடனே எழுத வேண்டும்.

முன்ஜாமீனுக்கு எஃப்.ஐ.ஆர். வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, கைது பயம் நியாயமாக இருந்தால் போதும். நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 482ஆவது பிரிவின் கீழ் முதலில் உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள முதன்மை அமர்வு நீதிமன்றம், அங்கே தள்ளுபடியானால் உயர் நீதிமன்றம். ஆனால் நடைமுறையில் ஒன்று நடக்கும். "சி.எஸ்.ஆர். விசாரணைதான் நடக்கிறது, வழக்குப் பதிவாகவில்லை" என்று அரசு வழக்கறிஞர் சொல்வார், மனு அதோடு முடித்துவைக்கப்படும். மனம் தளர வேண்டாம். எஃப்.ஐ.ஆர். வந்த அன்றே மறுபடி போட, தேதிப் பட்டியலும் சாட்டும் தயாராக இருக்க வேண்டும். மனு நிலுவையில் இருப்பதே கைதுக்குத் தடையல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். முன்ஜாமீன் கிடைத்தால், உத்தரவிலிருந்து பெரும்பாலும் 15 நாளுக்குள் மாஜிஸ்திரேட் முன் ஆஜராகி, தலா 10,000 ரூபாய்க்கு இருவர் ஜாமீன் கொடுக்க வேண்டியிருக்கும். அவர்களின் ஆதார், ரேஷன் கார்டு, போட்டோ எல்லாம் முன்கூட்டியே எடுத்து வையுங்கள். தினமும் காலை 10.30க்கு நிலையத்தில் கையெழுத்து என்ற நிபந்தனை சாதாரணம். ஒரு நாள் தவறினாலும் ஜாமீனை ரத்து செய்ய மனு வரும். கம்பெனியில் ஷிஃப்ட்டை இப்போதே பேசி வைக்கட்டும்.

பாலியல் வழக்குகளின் எஃப்.ஐ.ஆர். இணையத்தில் ஏறாது. வழக்கறிஞர் நீதிமன்றத்தில் நகல் மனு போட்டு எடுப்பார். கையில் வந்ததும் குடும்ப குரூப்பில் போடாதீர்கள். பெண்ணின் பெயரையோ, அடையாளம் தெரியும் எதையுமோ வெளியிட்டால் நியாய சன்ஹிதாவின் 72ஆவது பிரிவில் சிறைத் தண்டனை உண்டு. அண்ணா பல்கலைக்கழக மாணவி வழக்கின் எஃப்.ஐ.ஆர். கசிந்ததற்கு 2024 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் 25 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. இந்த விஷயத்தை நீதிமன்றம் எவ்வளவு கடுமையாகப் பார்க்கிறது என்று அதிலேயே தெரியும்.

கைதாகிவிட்டால், காரணத்தை எழுத்தில், புரியும் மொழியில் கொடுக்க வேண்டும், உறவினருக்குத் தகவல் சொல்ல வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அடித்திருந்தால் அதை அங்கேயே சொல்ல வேண்டும், புழல் சிறைக்குப் போனபின் சொன்னால் நம்ப வைப்பது கடினம். மருத்துவப் பரிசோதனைக்கு மறுக்க வேண்டாம். பழைய முறையிலான ஆண்மைப் பரிசோதனையைக் கைவிடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் 2023இல் உத்தரவிட்டிருக்கிறது. உறவு நடந்ததை இரு தரப்பும் ஒத்துக்கொள்ளும் வழக்கில் அந்த அறிக்கை பெரிதாக எதையும் தீர்மானிக்காது. 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் உரிமையாகிறது. 69ஆவது பிரிவு மட்டும் என்றால் 60ஆம் நாளிலேயே மனு போட வாதம் உண்டு. நாளை எண்ணுவது வழக்கறிஞர் வேலை, நீங்களும் காலண்டரில் குறித்து வையுங்கள்.

பேசி முடிப்பது பற்றி மாமா விடமாட்டார், எனக்குத் தெரியும். வன்புணர்வு வழக்கு சமரசத்துக்குரியது அல்ல. 2015இல் சென்னை உயர் நீதிமன்றமே ஒரு வழக்கைச் சமரச மையத்துக்கு அனுப்பி, அந்த உத்தரவைத் திரும்பப் பெற வேண்டி வந்தது. பணம் கொடுத்து எழுதி வாங்கிய தாள் வழக்கை நிறுத்தாது, பணம் கொடுத்ததுக்குச் சாட்சியாக மட்டும் நிற்கும். தம்பிக்கு உண்மையாகவே அந்தப் பெண்ணை மணக்க விருப்பம் இருந்து, அவருக்கும் இன்னும் விருப்பம் இருந்தால் அது வேறு. அதை இரு தரப்பு வழக்கறிஞர்கள் மூலம், நிலையத்தின் நெருக்கடி இல்லாமல் பேசலாம். வழக்குக்குப் பயந்து கட்டும் தாலியை நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்தப் பெண்ணுக்கும் அது அநியாயம்.

அவரைப் பற்றி இன்னொன்று. "அவள் எப்படிப்பட்டவள் என்று தெருவுக்கே தெரியும்" என்ற வகையில் ஆதாரம் தேடி யாரையும் அனுப்பாதீர்கள். முந்தைய பழக்கம், நடத்தை பற்றிக் கேள்வி கேட்கவே சாட்சியச் சட்டம் அனுமதிக்காது. கேட்டால் நீதிபதியின் மனம்தான் விலகும். குறுக்கு விசாரணை வேறு இடத்திலிருந்து வருகிறது. குற்றப்பத்திரிகைக்குப் பிறகு, புகார் மனு, நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 183ஆவது பிரிவில் மாஜிஸ்திரேட்டிடம் கொடுத்த வாக்குமூலம், டாக்டரிடம் சொன்ன விவரம் என்று மூன்று தாள்கள் கிடைக்கும். அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வாக்குக் கொடுத்த நாள் மூன்றிலும் ஒன்றா, முதல் உறவு வாக்குக்கு முன்பா பின்பா என்று பார்ப்பார்கள். மணி நேரம், சட்டை நிறம் மாதிரிச் சின்ன முரண்களை நீதிமன்றம் பொருட்படுத்தாது. மூன்று மாதத் தாமதம் என்பது மட்டும் தனியாக எடுபடாது. இந்த வேலை தெரிந்தவர், அதாவது மகளிர் நீதிமன்றத்தில் விசாரணை நடத்திப் பழகியவர் உங்களுக்கு வேண்டும். "ஸ்டேஷன்ல பேசி முடிச்சுத் தர்றேன்" என்பவரைத் தவிர்த்துவிடுங்கள். கொடுக்கும் கட்டணத்துக்கு ரசீது கேளுங்கள். வசதி இல்லையென்றால் இலவச சட்ட உதவி எண்ணான 15100க்கு அழையுங்கள். காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு.

உங்களையோ அம்மாவையோ சாட்சியாக விசாரிக்க வேண்டும் என்றால் வீட்டுக்குத்தான் வர வேண்டும், பெண்களை அதற்காக நிலையத்துக்கு வரவழைக்கக் கூடாது. ஆகவே தம்பியோடு நீங்கள் கூடப் போய் நின்று, கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டாம்.

நாளைக் காலை வழக்கறிஞர் அலுவலகத்துக்கு மட்டும் அழைத்துப் போங்கள். தேதிப் பட்டியல் எழுதிய நோட்டு, போன், சார்ஜர், ஆதார், வந்த அழைப்பின் நம்பரும் நேரமும் போதும். உள்ளே தம்பி தனியாகப் போகட்டும், நீங்கள் வெளியே இருங்கள். அக்கா முன்னால் சொல்லக் கூச்சப்படுகிற தேதிகள்தான் அந்த அறையில் முதலில் கேட்கப்படும்.